திருப்போரூர்தான் தூரம்

திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரத்தில் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

"சிங்கப்பூரு கூட கிட்டக்கதான் கீதுக்கா. நம்ம திருப்போரூருதான் தூரம்."

"இன்னாடி சொல்ற?"

"எம்புள்ள ரெண்டு வருசமா லீவு இல்லன்றான். நேத்து மருமவ ஸ்டேட்டஸ்ல, மாமல்லபுரம் பீச்சுல குடும்பமா நின்னுகினு கீறாங்க. பிளேன்ல நாலு மணி நேரம் வந்தவனுக்கு, அங்கேர்ந்து வூட்டுக்கு அரை மணி நேரம் வர முடியல."

"போன் போட்டு, நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்கறதுதானே?"

"அவன் ஸ்டேட்டஸ எனக்குத் தெரியாம மறைச்சிட்டான். அவ மறைக்க மறந்துட்டா. கேட்டா அவளும் மறைச்சிடுவா. அப்பால பேரப்புள்ள மூஞ்சிய எங்கக்கா பாக்கறது?"