கதவை மூடினால் ஹீட்டர்

தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு மே மாத மதியம். விவேக் நகர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாவும், கோட்டு போட்ட அவர் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது.

"கதவைத் திறந்து வெச்சு ஓட்டியிருந்தா ஹீட்டர் நின்னிருக்கும், ஸ்டெல்லா. நீதான் அவசரப்பட்டு இறங்கிட்ட," என்றார் கணவர்.

நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"கார் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு யாராவது கல்யாணத்துக்குப் போவாங்களா?"

"உள் லைட் எரியலைன்னு நீதானே சொன்ன? நானே வயரை மாத்திச் சரி பண்ணேன். இப்ப கதவை மூடினா லைட் எரியுது. கூடவே ஹீட்டரும் ஓடுது. சின்ன மிஸ்டேக்."

"பெங்களூர்ல எதுக்குங்க ஹீட்டர்?"

"அது இங்கிலாந்துல செஞ்ச பழைய ஸ்போர்ட்ஸ் கார்மா. அந்தக் காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும். உங்க அண்ணன் ஓட்டை டப்பான்னு சொன்னாரே, இன்னிக்கு அவர் கண்ணு முன்னாடி சர்ச் வாசல்ல கொண்டுபோய் நிறுத்தியிருப்பேன். நீ கெடுத்துட்ட."

"சரி, நான் சிக்னல்ல இறங்கி பஸ் ஏறிட்டேன். அவ்வளவு நல்ல கார்னா நீங்க ஓட்டிட்டு வந்திருக்கலாம்ல? எதுக்கு அதை ஓரமா நிறுத்திட்டு என் பின்னாடியே ஓடி வந்தீங்க?"

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் காற்றுக்கு முகத்தைக் காட்டினார்.

"உள்ள உட்கார முடியலம்மா," என்றார்.