மஸ்டரில் முருகேஸ்வரி அக்காவின் பெயர்

மேசைக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டரின் விசிறிச் சத்தம் கூடியிருக்கிறது. நான் மேடை ஏறும்போது இவ்வளவு இல்லை. முதலில் அதைத்தான் கவனித்தேன். அதனால் வணக்கம் சொல்ல மறந்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

தலைமை ஏற்றிருக்கும் சங்கத் தலைவர் சுருளிவேல் அண்ணன் அவர்களே! மேடையில் இருக்கும் வார்டு மெம்பர் அவர்களே! பேக்டரியிலிருந்து அரை நாள் லீவு போட்டு வந்திருக்கும் அக்காமார்களே! நாலாம் நம்பர் லயத்துக் குடும்பங்களே! எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் இந்து. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். மைக்கில் பேசியது கிடையாது. "அது ஓடி முடியிற வரைக்கும் நீ பேசு தாயி. அவளப் பத்தி வேற யாருக்குத் தெரியும்?" என்று தலைவர் அண்ணன் சொன்னதால் நிற்கிறேன்.

அது என்று அவர் சொன்னது, அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வெள்ளை எழுத்துகள் ஓடிக்கொண்டிருக்கும் அந்தத் திரையை. மாலை போட்ட படத்தை விட்டுவிட்டு எல்லோரும் அதையே பார்க்கிறீர்கள். நானும் அதைத்தான் பார்க்கிறேன். அக்கா இருந்தாலும் அதைத்தான் பார்த்திருப்பார்.

முருகேஸ்வரி அக்கா யார்? பேக்டரியில் தேயிலைத் தூள் சலிக்கும் பகுதியில் பதினொரு வருடம் நின்றவர். ஷிப்ட் முடிந்ததும் தலையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு நேராக இந்த வாசகசாலைக்கு வருவார். நம் கல்யாணம், சடங்கு, சாவு எல்லாவற்றையும் வீடியோ படம் பிடித்து வெட்டி ஒட்டித் தந்தவர் அவர்தானே! பதினாறு நாளுக்கு முன் எலிப்பனி என்கிற எலிக்காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது.

இந்தக் கம்ப்யூட்டர் சித்திரபுரத்தில் ஒரு கரண்ட் ஆபீஸ் குவார்ட்டர்சிலிருந்து தூக்கிப்போட்டது. மற்றவர்கள் வைத்திருக்கும் மென்பொருள் இதில் ஏறாது. அக்கா என்ன செய்தார்? லினக்ஸ் போட்டார். யாரோ ஒருவர் எந்த நாட்டிலோ உட்கார்ந்து எழுதி, எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும், வீடியோ திறக்கும் மென்பொருளின் மூல நிரலை இறக்கினார். பாக்கெட் தூள் வாங்காமல் கொழுந்தாக வாங்கி நம் பேக்டரியிலேயே தூளாக்குவது போல, அந்த நிரலை இந்த மெஷினுக்கு ஏற்றபடி இங்கேயே கம்பைல் செய்தார். பாதியில் அறுந்த படத்தைக்கூட அது திறக்கும். அப்படி எத்தனை கல்யாணப் படங்கள் உயிர் பிழைத்தன!

அக்கா எனக்குப் பாடம் எடுக்கவில்லை. அவருக்குச் சொல்லித்தரவும் தெரியாது, பொறுமையும் கிடையாது. அவருக்கு டைப் அடிக்க வராது, எனக்கு வரும். அதனால் சேர்ந்தோம். கம்பைல் செய்வதற்கு முன், காலையில் நம் பெயர்களைக் கூப்பிட்டு வருகை எடுப்பது போல, கம்ப்யூட்டர் ஒரு மஸ்டர் எடுக்கும். வேலைக்கு வேண்டிய துணை நிரல்களைத் தேடி, இருக்கிறது, இல்லை என்று வரிசையாக எழுதும். அக்கா ஒரு தாளில் அந்தப் பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு மஸ்டர் கிளார்க் மாதிரியே நின்று கூப்பிடுவார். நான் திரையைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

"ஓபஸ்!"

"இருக்குக்கா."

"லேம்!"

"இருக்குக்கா."

"நாஸம்! பேரப் பாரு, இவனெல்லாம் வேலைக்கு வந்து வெளங்கினாப்லதான். இருக்கானா?"

"இருக்கான்க்கா."

நம் மஸ்டரில் ஒருத்தி பிந்தினால் என்ன நடக்கும்? பக்கத்தில் நிற்பவள் "வந்துட்டா, இருக்கா" என்று குரல் கொடுப்பாள். என் அம்மாவுக்கு நீங்கள் எத்தனை நாள் கொடுத்திருக்கிறீர்கள்! யார் யார் என்று இப்போது சிரிப்பவர்களைப் பார்த்தாலே தெரிகிறது. எனக்கும் அதே பழக்கம். முதல் நாள் தியோரா என்று ஒரு பெயர் கூப்பிட்டார். திரையில் இல்லை என்றிருந்தது. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. இருக்கு என்றேன். நாற்பது நிமிடம் ஓடி முடிந்தது. திறக்க வேண்டிய படம் திறக்கவில்லை. அக்கா தாளைச் சுருட்டி என் தலையில் தட்டினார்.

"ஏட்டி, வராதவளுக்கு நீ கை தூக்கினா அவ பேரு தப்பிக்கும். அவ கொழுந்த யாரு எடுப்பா?"

இரண்டு நாள் நான் பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் டீயைக் கொண்டுவந்து வைத்து, "மூஞ்சிய எறக்கு, பேரு கூப்பிடணும்" என்றார்.

விளக்கு மங்கி வந்ததைப் பார்த்தீர்களா? பயப்பட வேண்டாம். கரண்ட் போய்விட்டது, இன்வெர்ட்டரில் ஓடுகிறது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரியாது.

நாளை காலை பத்து மணிக்கு தாலுக்காவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். எதற்கு? நாலாம் லயத்துக்குப் பின்னால் வயிறு தள்ளி நிற்கும் சுவரைப் பார்க்க. போன ஆடி மழையில் அக்கா அந்தச் சுவரைப் படம் பிடித்தார். அப்போது எஸ்டேட் சூப்பர்வைசரும் அங்கே நின்றார். "சார், இது சாஞ்சா எங்க பிள்ளைக மேலதான விழும்?" என்று நாலாம் லயத்து மூக்கம்மாள் பெரியம்மா கேட்டார். சூப்பர்வைசர் பதில் சொன்னார். சொல்லி முடித்தாரோ இல்லையோ, கேமரா பாட்டரி தீர்ந்து படம் அறுந்துவிட்டது. சுவர் விரிந்தது இந்த மழையில்தான், அதற்கு முன் யாரும் தங்களிடம் சொல்லவில்லை, சரிசெய்ய மழைக்காலம் முடியட்டும் என்று எஸ்டேட்காரர்கள் இன்று சொல்கிறார்கள். "தெளிவு உண்டோ?" என்று தாலுக்கா ஆபீசில் மலையாளத்தில் ஆதாரம் கேட்டார்கள். ஆதாரம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது. மூணாறில் ஒரு கடையில் காட்டினோம். "இது செத்த பைலு, தூக்கிப் போடுங்க" என்றார்கள். நேற்றைய மழையில் சுவரிலிருந்து இரண்டு கல் விழுந்திருக்கிறது. சுவருக்குக் கீழே ஆறு வீடு, இருபத்திமூன்று பேர். எதற்குக் காத்திருப்பது?

அக்கா கட்டிய மென்பொருள் இருந்திருந்தால் நொடியில் திறந்திருக்கும். அது ஏன் இல்லை? நான்தான் காரணம். அக்காவை அடக்கம் செய்த மூன்றாம் நாள் கம்ப்யூட்டரைத் திறந்தேன். புதுப்பிக்கவா என்று திரை கேட்டது. வேண்டாம் என்று சொல்லும் தெம்பு அன்று எனக்கு எதற்கும் இல்லை. சரி என்று அமுக்கினேன். அக்கா கட்டியது போய், வேறொன்று வந்து உட்கார்ந்தது. இதை இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. மூக்கம்மாள் பெரியம்மா, உங்கள் முகத்தைப் பார்க்காமல் சொல்கிறேன்.

நேற்று தனியாக உட்கார்ந்து மீண்டும் கட்டினேன். பெயர் கூப்பிட்டவளும் நான், பதில் சொன்னவளும் நான். ஆல்ஸா என்று ஒன்று. திரை இல்லை என்றது. ஒன்றுதானே என்று தாளில் டிக் போட்டுவிட்டு மேலே போனேன். இன்று காலை படம் திறந்தது! சுவர் தெரிந்தது. பெரியம்மா தெரிந்தார். சூப்பர்வைசரின் வாய் அசைந்தது. சத்தம் மட்டும் இல்லை.

"என்னடி, ஊமைப்படமா காட்டுற? நம்மளுக்கு அவன் மூஞ்சியா வேணும், அவன் சொன்னதுல்ல வேணும்" என்றார் பெரியம்மா.

ஆல்ஸாதான் சத்தத்தை வெளியே அனுப்புவது. அதை போன் நெட்டில் இறக்கினேன். எல்லாப் பெயர்களையும் தமிழில் எழுதி பெரியம்மா கையில் கொடுத்தேன். கூட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் அவர் இங்கே நின்று கூப்பிட்டார்.

"ஆல்ஸா! எந்த லயத்துக்காரிடி இவ?"

"சத்தத்துக்காரி, பெரியம்மா."

"இருக்காளா? நெசமாச் சொல்லு."

இரண்டு தடவை பார்த்தேன். "இருக்கா" என்றேன். அப்படித் தொடங்கியதுதான் இப்போது ஓடிக்கொண்டிருப்பது.

எனக்கு முன் பேசியவர்கள், முருகேஸ்வரி எங்கும் போகவில்லை, நம்மோடுதான் இருக்கிறார் என்றீர்கள். அன்பினால்தான் சொன்னீர்கள். நான் எப்படி அதைச் சொல்வேன்? எந்த வாயால் சொல்வேன்? முருகேஸ்வரி என்று கூப்பிட்டால், இல்லை. அக்கா இல்லை. இருக்கிறார் என்று நாம் எல்லோரும் கை தூக்கினால், நாளை தாலுக்கா ஆட்கள் முன்னால் யார் நிற்பது? மழையில் கேமராவைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது?

அவருடைய வேலை கிடக்கிறது. ஷிப்ட் சங்கு ஊதும் நேரத்துக்கு தினமும் இந்த வாசகசாலையை நான் திறப்பேன். கேமரா பாட்டரியை முதல் நாளே சார்ஜ் போட்டு வைப்பேன். திரை கேட்பதற்கெல்லாம் சரி சொல்ல மாட்டேன். பெயர் கூப்பிட மூக்கம்மாள் பெரியம்மா வருகிறேன் என்றிருக்கிறார், இப்போது நான் சொன்னதைக் கேட்ட பிறகும் வருவார் என்றால். நாளை பத்து மணிக்கு, பயமாக இருந்தாலும், அந்தப் படத்தோடு நான் சுவருக்குப் பக்கத்தில் நிற்பேன்.

விசிறிச் சத்தம் குறைகிறது. எழுத்துகள் நின்றுவிட்டன.

தலைவர் அண்ணா, எல்லோரையும் கொஞ்சம் பேசாமல் இருக்கச் சொல்லுங்கள். குரல் வந்தால் நீங்களே கேட்பீர்கள். வராவிட்டால், வரவில்லை என்று சொல்வேன். மைக்கை ஸ்டாண்டிலிருந்து எடுக்கிறேன். கம்ப்யூட்டரின் சின்ன ஸ்பீக்கருக்கு நேராகப் பிடிக்கிறேன். படத்தை ஓட விடுகிறேன்.