மூன்றாம் தவணைக்கான படம்

மன்றக் கூட்டத்துக்கு வடை வாங்கி வைப்பதும் என் வேலைதான், ஐயா. நெட்டூரணி பேரூராட்சியில் தலைவர் அம்மாவையும் சேர்த்துப் பதினைந்து உறுப்பினர்கள். ஆளுக்கு இரண்டு வடை. பஸ் ஸ்டாண்டு கடைக்காரர் ஒன்றிரண்டைக் குறைத்துக் கட்டுகிறார் என்று எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம். அதனால் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்காமல் ஒருநாளும் வாங்கியதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூடக் குறைந்ததில்லை. பார்க்கிறேன் என்று தெரிந்துதான் சரியாகக் கட்டியிருக்கிறார்.

கீழத்தெரு அருஞ்சுனையின் அண்ணன் தங்கசாமியை நீங்கள் கூட்டிக்கொண்டு வந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். கூரையைத் தாங்கி நின்ற முட்டுகளைப் பிடுங்கியது அவர் கைதான். அதில் பொய்யில்லை. ஆனால் அவர் பெயரை எழுதி உள்ளே வைத்தால் பதிவு தப்பாகிவிடும். தப்பான பதிவைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானே வந்தேன். நான் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். தீர்மானப் புத்தகம் எழுதிப் பழகியவன், அடித்தல் திருத்தல் இல்லாமல் சொல்ல எனக்கு வரும்.

என் பெயர் உதயகுமார். இளநிலை உதவியாளர். கூட்டத்துக்குப் பொருள் எழுதுவது, பேசியதைத் தீர்மானமாக்குவது, இவைதான் என் வேலை. பணி மேற்பார்வையாளர் இடம் இரண்டு வருடமாகக் காலி. ஆகவே வீட்டுத் திட்டத்துக்குப் படம் எடுப்பதும் என் தலையில் விழுந்தது.

அந்தத் திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் இருக்கிற குடிசையைப் பிரித்துப் போட்டு வெறும் தரையைக் காட்ட வேண்டும். பிறகுதான் பணம். அடித்தளம் எழும்பினால் ஒரு தவணை, ஜன்னலுக்கு மேலே சுவர் வந்தால் ஒன்று, கூரை போட்டால் மூன்றாவது, பூச்சு முடிந்தால் கடைசி. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்காரர் தன் பெயரை ஸ்லேட்டில் எழுதிப் பிடித்தபடி வீட்டோடு சேர்ந்து நிற்க வேண்டும். நான் செல்போனில் படம் எடுத்து ஏற்றுவேன். எந்த இடம், எந்த நேரம் என்பது படத்திலேயே பதிந்துவிடும். போன் பொய் சொல்லாது. மனிதர்கள்தான்.

இந்த ஊரில் உண்மையை மட்டும் எழுதிய மனு ஒன்றை நான் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையைத் தன் குடிசை என்று காட்டியவர் உண்டு. மகன் சவுதியிலிருந்து அனுப்பிய காசில் மாடி கட்டிவிட்டு, கிழிசல் சேலையில் வந்து என் மேசைக்கு முன்னால் அழுத அம்மாளும் உண்டு. அந்த அழுகை நிஜ அழுகை மாதிரியே இருந்தது. அதற்கப்புறம் நான் யார் அழுகையையும் நம்புவதில்லை.

அருஞ்சுனை அழவில்லை. அதுவே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. நாற்பதைத் தாண்டிய பெண், புருஷன் இல்லை. பருப்பு மில்லில் வேலை. ஒரே மகள் பிரவீணா மதுரையில் விடுதியில் தங்கி நர்ஸ் படிப்புப் படிக்கிறாள். கீழத்தெருவில் குடிசையைப் பிரித்துப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே தார்ப்பாய் கட்டி இருப்பதாகச் சொன்னாள். ஆனால் ஆபீசுக்கு வரும்போது கஞ்சி போட்டுத் தேய்த்த சேலை. தார்ப்பாய்க்குள் இஸ்திரிப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று நீங்களும் யோசித்திருப்பீர்கள்.

மூன்று நாள் சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நின்று பார்த்தேன். மூன்று நாளும் மல்லாங்கிணறு பஸ்ஸில் ஏறினாள். நான்காம் நாள் நானே அங்கே போனேன். தங்கசாமியின் வீடு மாடி வீடு. மொட்டை மாடியில் அவள் சேலை காய்ந்தது. திரும்பி வந்து அவள் கோப்பில் எழுதினேன்: பயனாளி வேறு வீட்டில் வசிப்பதாகத் தெரிகிறது, குடியிருப்பு உறுதியாகும் வரை மூன்றாம் தவணையை நிறுத்தி வைக்கலாம்.

அவளிடமும் ஒரு வார்த்தை கேட்டேன். "பெட்டி படுக்கையெல்லாம் அண்ணன் வீட்டுலதான் சார் கிடக்கு. இங்க பூட்ட ஒரு கதவு உண்டா? குளிச்சு, சேலைய மாத்திக்கிட்டு அடுத்த பஸ்ஸுக்கு வந்துருவேன்" என்றாள். காரணம் எல்லோரிடமும் இருக்கும், ஐயா. காரணம் இல்லாமல் எவரும் என் மேசைக்கு வந்ததில்லை. நான் பார்த்தது போகிற பஸ்ஸைத்தான். திரும்பி வருகிற பஸ்ஸைப் பார்க்க எனக்கு நேரமில்லை.

அவள் காத்திருக்கவில்லை. கம்பியும் சிமெண்டும் கடனுக்கு வாங்கிக் கூரையைப் போட்டுவிட்டாள். போட்ட மூன்றாம் நாள், ஐந்தாம் தேதி, மன்றக் கூட்டம். வீட்டுத் திட்டம் பற்றிப் பேச வேண்டும் என்பதால் பொதுமக்களையும் உட்கார விட்டிருந்தார்கள். பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, குப்பை வண்டி டயர் எல்லாம் வழக்கம்போல் நிறைவேறின. வீட்டு விஷயம் வந்ததும் சத்தம் கூடியது. அரசு தருகிற தொகை அடித்தளத்துக்கே காணாது என்றார் ஒருவர். பேங்குக் கடனுக்குப் பேரூராட்சி பொறுப்பேற்க வேண்டும் என்றார் இன்னொருவர். அப்படி ஏற்றால் நாளைக்குப் பேங்க்காரன் வந்து நம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போவான் என்றார் மூன்றாமவர். தலைவர் சந்தனம்மாள் எல்லாவற்றுக்கும் "மேல எழுதிப் போட்டிருக்கு" என்றார். எழுதிப் போட்டவன் நான்தான். பதில் வரவில்லை.

அப்போது ஏழாவது வார்டு ஜமால் மைதீன் எழுந்தார். ஜவுளிக்கடைக்காரர், குரலை உயர்த்தாமல் பேசுவார். "கூரை போட்டவுகளுக்கும் மூணாவது தவணை நிக்கிது. யாரு நிப்பாட்டுனது? எந்த விதியில நிப்பாட்டுனாக?" என்று கேட்டார். நான் கோப்பைப் பார்த்து, ஒரு பயனாளிக்கு வேறு வீடு இருப்பதாகச் சந்தேகம் என்றேன். பெயரை நான் சொல்லவில்லை.

பின்வரிசையிலிருந்து அருஞ்சுனையே எழுந்தாள். "அது நான்தாங்க. எனக்கு வேற வீடு இருக்குன்னு சார் எழுதியிருக்காக. அது எங்க இருக்குன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. நான் இப்பவே சாவிய வாங்கிக்கிட்டுப் போயி இருந்துக்கிறேன். இந்தக் கூரைக்கு வாங்குன கடனாவது மிச்சமாகும்."

எல்லோரும் சிரித்தார்கள். தலைவர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். ஜமால் மைதீன் மேசையைத் தட்டிச் சிரித்தார். டீ கொண்டுவந்த சுப்பம்மாள் வாசலில் தட்டோடு நின்று சிரித்தாள். அதை நான் ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார் யார் எங்கே உட்கார்ந்து சிரித்தார்கள் என்பது எனக்கு நினைவிருக்கிறது, அவ்வளவுதான். எழுதுகிற ஆளுக்கு நினைவு அப்படித்தான் இருக்கும்.

"சரி உதயா, என்னன்னு எழுதுறது?" என்றார் தலைவர் அம்மா. நான் யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து தானாக வந்தது: "முட்டும் சென்ட்ரிங் பலகையும் எடுக்கப்பட்டு, பயனாளி கூரையின் கீழ் குடியிருப்பது படத்தில் தெரியும் நிலையில், மூன்றாம் தவணையை உடனடியாக விடுவிக்கலாம்." கேட்பதற்குச் சலுகை மாதிரிதான் இருந்தது. ஜமால் மைதீனே "இது நியாயம்" என்றார். பட்டியல் பன்னிரண்டாம் தேதி விருதுநகருக்குப் போக வேண்டும், அதற்குள் படம் வராவிட்டால் இந்த வருடத்துத் தொகை திரும்பிவிடும் என்பதையும் சேர்த்து வாசித்தேன். நிறுத்தி, நிதானமாகத்தான் வாசித்தேன். அந்தப் பதினைந்து பேரில் வீடு கட்டாதவர் எவரும் இல்லை. மூன்று நாள் கூரைக்கு முட்டுகளை எப்படி எடுப்பது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் வடை வந்துவிட்டது.

மறுநாள் காலையில் அவள் ஆபீசுக்கு வந்தாள். "கொத்தனாரு இருபத்தோரு நாளு முட்டு நிக்கணுங்காரு சார். நாலு நாளுதான் ஆகுது. மேல நின்னு படம் எடுத்தாப் பத்தாதா?"

"பத்தாதும்மா. தீர்மானம் ஆயிருச்சு."

"பிரிச்சாத் தாங்குமா சார்?"

"கொத்தனாருக நாளக் கூட்டித்தான் சொல்லுவாக. பலகை வாடகை ஓடுதுல்ல."

இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள், ஐயா. இதைச் சொன்னது நான். தங்கசாமி அல்ல, கொத்தனார் அல்ல. கொத்தனார் முட்டுகளைத் தொட மாட்டேன் என்று கைகழுவிவிட்டார். அதனால்தான் அண்ணனும் தங்கையுமாகப் பத்தாம் தேதி தாங்களே பிரித்தார்கள்.

என் அப்பா முப்பது வருடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவர். கூரை பச்சையாக இருக்கும்போது முட்டுகளை எடுப்பவன் ஆள்கொல்லி என்று சொல்வார். அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் இந்தப் பேச்சுத்தான். அதுவும் நம் பக்கத்து வெயிலில் கூரையின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினால்தான் சிமெண்டு இறுகும். கீழத்தெருவில் குழாய்த் தண்ணீர் ஆறு நாளைக்கு ஒருமுறை. அருஞ்சுனை லாரித் தண்ணீர் கேட்டு மனு கொடுத்திருந்தாள். குடியிருப்பவர்களுக்குத்தான் லாரி. அவள் குடியிருக்கிறாளா என்பது உறுதியாகாததால் மனு என் மேசையில் இருந்தது. ஆகவே, அந்தக் கூரை எந்த நிலையில் இருந்தது என்று இந்த ஊரிலேயே அதிகம் தெரிந்தவன் நான்தான்.

என் யோசனை எளிமையானது. அண்ணன் வீடு இருக்கிறவள் பச்சைக் கூரையின் கீழ் போய்ப் படுக்க மாட்டாள். பயந்து மல்லாங்கிணறுக்கு ஓடிவிடுவாள். அப்போது நான் எழுதியது சரி என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். நிஜமாகவே போக்கிடம் இல்லாதவள்தான் அதன் கீழ் இருப்பாள். கேட்டால் பொய் சொல்வார்கள், பார்த்தால் நடிப்பார்கள். உறுதி செய்ய வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பதினொன்றாம் தேதி காலை பதினொரு மணிக்குப் படம் எடுக்கப் போனேன். பூசாத வீட்டுக்குள் அவள் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். ஒரு பாய், அடுப்பு, தண்ணீர்க் குடம், சுவரில் மளிகைக்கடைக் காலண்டர். அறையின் நடுவில் ஸ்லேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாண வீட்டில் போட்டோவுக்கு நிற்பது மாதிரி முகம். அவள் தலைக்கு மேலே, குறுக்காக ஒரு மயிரிழை விரிசல். மூன்று படம் எடுத்தேன். விரிசல் மூன்றிலும் இருக்கிறது, பெரிதாக்கிப் பாருங்கள்.

"உள்ள வாங்க சார். புது வீட்டுக்கு மொதல்ல வந்திருக்கீக. மோராவது குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

நான் உள்ளே போகவில்லை. வேலை கிடக்கிறது என்றேன். மூன்று படமும் தெருவில் நின்று எடுத்தவை. அதுவும் படத்தில் தெரியும்.

போய்விட்டேன் என்று அவள் நினைத்திருப்பாள். எதிரே வேப்பமர நிழலில் நின்றேன். படத்துக்காக நின்றுவிட்டு அவள் பஸ் ஏறினாலும் ஏறலாம் அல்லவா? ஏறவில்லை. சோறு வடித்தாள். சாப்பிட்டாள். மதியம் ஒன்றரை மணிக்குப் பாயை விரித்து, பின்சுவர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்தாள். வாசல் வழியாக அவளுடைய இரண்டு பாதங்களும் தெரிந்தன. முந்தின நாள் முட்டுப் பிரித்த தூசி குதிகாலில் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரத்தில் பாதங்கள் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தன. யாரும் அப்படி நடிக்க முடியாது.

அங்கேதான், அந்த மரத்தடியில், நான் அவளை நம்பினேன். மனது நிறைந்துவிட்டது, ஐயா. நேரே ஆபீசுக்குப் போனேன். படத்தை ஏற்றினேன். குடியிருப்பு உறுதி, தகுதியுடையவர், தவணையை விடுவிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, இரண்டு நாற்பதுக்கு அனுப்பினேன். கூரை விழுந்தது மூன்று மணிக்கு. இரண்டு நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் உயிரோடு இருக்கும்போதே நான் அவளுக்கு நியாயம் செய்துவிட்டேன்.

மரத்தடியிலிருந்து ஒரு குரல் கொடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பத்தடி தூரம்தான். எழுந்து வெளியே வா என்று சொல்லியிருந்தால் வந்திருப்பாள். ஆனால் ஏன் சார் என்று கேட்டிருப்பாள். கூரை நிற்காது என்று எனக்கு முன்னமே தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லியிருப்பாள். அவள் எப்படிச் சொல்வாள் என்று உங்களுக்குத் தெரியாது. நான் கேட்டிருக்கிறேன்.

ஆகவே அருஞ்சுனையைக் கொன்றது நான் என்று எழுதிக்கொள்ளுங்கள். தங்கசாமியை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். தங்கைக்குப் போக்கிடம் இல்லை என்று அவர் உங்களிடம் சொல்லியிருந்தால் அது உண்மைதான். அவருடைய தங்கைக்கு வேறு வீடு இருக்கவில்லை. அதை என்னைவிட உறுதியாக யாரும் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. அந்தப் பெண் பிரவீணா, வாரிசு என்று சொல்லி, மீதித் தவணையைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு மனு கொடுத்திருக்கிறாளாம். இனித் தனக்குப் போக்கிடம் இல்லை என்று எழுதியிருக்கிறாளாம். மாமன் வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது, ஐயா. நான் பார்த்திருக்கிறேன். என் நாற்காலியில் இனி யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரியவில்லை. சாயங்காலம் அந்த மல்லாங்கிணறு பஸ்ஸை ஒரு மூன்று நாளைக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.