ஏணியை எங்கே நிறுத்த வேண்டும்

உயரமான ஆளைக் கண்டால் யாரும் சும்மா விடுவதில்லை. ஒன்று, மேலே காற்று எப்படி என்று விசாரிப்பார்கள். இல்லையென்றால் பரண்மேல் இருக்கும் பெட்டியை எடுத்துத் தரச் சொல்வார்கள். கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் இரண்டாவது ரகம். நெட்டையனைக் கூடைக்குக் கீழே நட்டுவைத்து, அவன் தலைக்கு மேல் பந்தை வீசி, "போடுடா" என்று கத்துவார்கள். எதிரணியில் மூன்று பேர் அவன்மேல் தொங்குவார்கள். பந்து வெளியே போகும். பயிற்சியாளர் தண்ணீர் பாட்டிலை உதைப்பார். இதற்குச் சம்பளம் வேறு.

நம் தொழிற்சாலை அணியைப் பற்றி விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் மூவரும் தலைமை அலுவலகத்துக்காரர்கள். ஆட்டம் தெரியாது என்பதால் விளக்கமாகவே சொல்கிறேன். நெட்டையனுக்குப் பந்தே தேவையில்லை. அவன் வெளியே வந்து, நம் ஆளைத் துரத்துகிறவனின் வழியில் சுவராக நிற்க வேண்டும். அடுத்த நொடி திரும்பி, பந்து தனக்குத்தான் வரப்போகிறது என்பதுபோல் கூடையை நோக்கித் தலைதெறிக்க ஓட வேண்டும். பயந்துபோய் இரண்டு பேர் அவன் பின்னால் ஓடுவார்கள். மூலையில் நம் ஆள் ஒருவன் தனியாக நிற்பான். பந்து அவனுக்கு. ஓர் ஆட்டத்தில் அறுபது தடவை இப்படி ஓட வேண்டும். ஒரு தடவை சோம்பினாலும் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இருபது வருடமாக இதைச் சொல்லி வந்தேன். மற்ற தொழிற்சாலைகளின் பயிற்சியாளர்கள் கான்டீனில் உட்கார்ந்து சிரித்தார்கள். "பந்தையே தொடாதவனுக்கு எதுக்குய்யா ஷூ?" என்று ஒருவர் கேட்டார். வலித்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு ஏணி என்கிற பையன் நம் பேக்கிங் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்து நாலு வயது, வாசல் நிலையில் குனிந்துதான் நுழைவான். ஏணி என்று பெயர் வைத்ததே நான்தான். மற்ற நெட்டையன்கள் பந்து வரவில்லை என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். இவன், "நான் ஓடுறேன் சார், அவங்க போடட்டும்" என்றான். அவன் ஓட ஓட நாங்கள் ஜெயித்தோம். இறுதிப் போட்டிவரை வந்துவிட்டோம். கான்டீனில் சிரிப்பு நின்றது.

போட்டிக்குப் பத்து நாள் முன்னால் அணி முகாமில் இருந்தது. வீட்டுக்குப் போகக் கூடாது, போன்கள் என் அலமாரியில். அது என் பழைய விதி. ஏணியின் அக்கா அங்கே என்னைத் தேடி வந்தாள். பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். வேலை உடுப்போடு வந்திருந்தாள்.

"மூச்சு வாங்குதுன்னு போன வாரம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன் சார். ஸ்கேன் ரிசல்ட் இன்னிக்குத்தான் வந்துச்சு, பாத்துட்டு உங்களுக்கே எழுதிக் குடுத்திருக்காரு. நான் சொன்னா, நீ எதுக்கெடுத்தாலும் பயப்படறேன்னு கிண்டல் பண்ணுவான். நீங்க சொன்னாத்தான் கேப்பான்."

"கவலைப்படாதேம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

கடிதம் அரைப் பக்கம்தான். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது, ஓடினால் வெடித்துவிடலாம், உடனே அறுவை சிகிச்சை வேண்டும், அதுவரை மாடிப்படிகூட மெதுவாகத்தான் ஏற வேண்டும். கையெழுத்து தெளிவாக இருந்தது. டாக்டர்களிடம் அது அபூர்வம்.

என் மேசைக்கு ஒரு கால் குட்டை. ஆட்டத்தை வரையும்போது கோடு கோணிக்கொண்டு போகும். கடிதத்தை நாலாக மடித்து அந்தக் காலுக்குக் கீழே வைத்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. தரை துடைக்கும் அம்மா அதை எடுத்து உங்களிடம் கொடுத்ததிலிருந்து மேசை மறுபடியும் ஆடுகிறது.

வாட்ச்மேன் சொல்லித் தெரிந்துகொண்டு, ஏணியே சாயங்காலம் வந்து கேட்டான்.

"அக்கா ஏதோ லெட்டர் குடுத்தாளாமே சார்?"

"ஆமா. தண்ணி நெறையக் குடிக்கணுமாம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். உங்க அக்காதான் ஊதிப் பெரிசாக்குறாங்க."

சிரித்தான். அன்றைக்கே இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தான். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அவனைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டதாகவும், போட்டி முடிந்ததும் ஆபரேஷனுக்கு அனுப்பிவைப்பதாகவும் அக்காவுக்குப் போனில் சொன்னேன்.

இறுதிப் போட்டியில் ஐம்பத்தெட்டு தடவை ஓடினான். எண்ணிக்கொண்டிருந்தேன். ஐம்பத்தொன்பதாவது தடவை சுவராக நின்று, திரும்பி, நாலு எட்டு வைத்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூடைக்குக் கீழே விழுந்தான். அப்போதும் எதிரணியில் இரண்டு பேர் அவன் பின்னால்தான் இருந்தார்கள். அவனைத் தூக்கக் குனிந்தார்கள். மூலையில் நம் ஆள் தனியாக நின்றான். பந்து வலைக்குள் இறங்கிய பிறகுதான் விசில் ஊதினார்கள். புள்ளி செல்லும் என்று நடுவரே சொல்லிவிட்டார். என் முறை சரி என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவன் போய்விட்டான்.

அக்காவை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன்கிட்ட சொன்னீங்களா சார்?"

"சொன்னேம்மா. கெஞ்சாத குறைதான். பெஞ்சுல உக்காருடான்னா கேக்காம எறங்கிட்டான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சின்ன வயசுலேர்ந்தே பிடிவாதம் சார் அவனுக்கு. உங்களையும் கஷ்டப்படுத்திட்டான். மன்னிச்சிருங்க."

மன்னித்துவிட்டேன் என்றேன்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தைப் படித்தேன். புரிந்தது. அவனிடம் மறைத்தேன். ஓடவிட்டேன். எங்கே காட்டுகிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். அந்த மேசைக்கால் விஷயத்தை மட்டும் அவன் அக்காவிடம் சொல்லிவிடாதீர்கள். தம்பி பேச்சுக் கேட்காமல் செத்தான் என்று நினைத்தாவது அவள் நிம்மதியாக இருக்கட்டும். என்ன செய்வது, எனக்கு இளகிய மனசு. பயிற்சியாளனுக்கு அது ஆகாது.