யவனன் தின்ற சட்டி

— ஏழு சட்டி உடைஞ்ச சத்தம் கேட்டுச்சு, யோவேசேரண்ணே. என் வீட்டுச் சுவரே அதிர்ந்துச்சு.

— பூனை தள்ளிவிட்டுடுச்சு, நிகியா தம்பி.

— ஏழையுமா? வரிசையாவா?

— பாரேன், அந்தியோகியாப் பூனை ரொம்ப ஒழுங்கு.

— கல்சட்டியை மட்டும் தொடலை. யவனன் நான் தின்ன தீட்டு மண்ணுல ஒட்டும், கல்லுல ஒட்டாதுன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு.

— மெதுவாப் பேசு. எருசலேம்லேருந்து வந்த யூதப் பெரியவங்க மாடியில கை கழுவிட்டிருக்காங்க.

— விடிஞ்சதுலேருந்தா?

— சாப்பிடப் போறாங்கல்ல.

— நேத்துப் பந்தியில அவங்களோட தனியா உட்கார்ந்தீங்க. என் பக்கத்துல உங்க இடம் காலியாக் கிடந்துச்சு.

— முதுகு வலி. அங்கே சாய்மானம் இருந்துச்சு.

— முதுகு வலிச்சா என் மூஞ்சியைப் பார்க்கக் கூடாதுன்னு வைத்தியர் சொன்னாரா?

— நாலு நாள் பொறு தம்பி. அவங்க கிளம்பினதும் பழையபடி ஒண்ணாச் சாப்பிடுவோம்.

— அதுவரைக்கும் நான் யாரோட சாப்பிடுறது? கோயில்ல படைச்ச கறி வேண்டாம்னேன், எங்கம்மா சோறு போடுறதையே நிறுத்திட்டா. அண்ணன் வாசப்படி ஏத்துறதில்லை. ‘இனி நீ எங்க வீட்டு ஆளு’ன்னது யாரு? வாய்க்குள்ள போறது மனுஷனைத் தீட்டாக்காதுன்னு ஆண்டவர் சொன்னதை எனக்குச் சொல்லித் தந்தது யாரு?

— நான்தான்.

— இப்போ?

— இப்பவும் அதையேதான் சொல்றேன். கொஞ்சம் மெதுவாச் சொல்றேன்.

— அவங்க என்னதான் கேக்கிறாங்க?

— எங்க யூத முறைப்படி நுனித்தோலை வெட்டி விருத்தசேதனம் பண்ணிக்கிட்டா உன்னைப் பந்தியில சேர்த்துக்கலாமாம்.

— நாப்பது வயசுலயா? அப்புறம் நான் கோவேறு கழுதை ஏறி ஊர் ஊராச் சரக்குக் கொண்டுபோய்ப் பொழைச்ச மாதிரிதான்.

— பாரேன், நானும் அதைத்தான் சொன்னேன். அவங்க சிரிக்கலை.

— எருசலேம் இருபது நாள் வழி. நாம ஒரே சட்டியில தின்னது அங்கே எப்படித் தெரிஞ்சுது? கோள் சொன்னவன் யாருண்ணே?

— விடு தம்பி.

— சொல்லுங்க.

— ஆறு வருஷமா நம்ம பந்தியில அப்பத்தைப் பிட்டு ஸ்தோத்திரம் சொன்னவன் நான். பஸ்கா பண்டிகை முடிஞ்சதும் அதை உன்கிட்டக் கொடுத்துட்டாங்க. உன் குரல் நல்லா இருக்காம்.

— நீங்களா?

— கடுதாசி எழுதினேன். எருசலேம்ல இருக்கிற மச்சானுக்குன்னு மேல எழுதி முத்திரை வச்சேன்.

— யார் கையில கொடுத்தனுப்புனீங்க?

— பாரேன், பிரிச்சுப் பார்க்காம கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளு இந்த ஊர்ல நீ ஒருத்தன்தானே.