வளைவாயில் வைத்த தாள்

வளைக்குள் உயிர் இருக்கிறதா என்று பார்க்க விலை கூடிய கருவி எதுவும் தேவையில்லை. பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கி வளைவாயில் அடைத்துவிட்டு மூன்று நாள் பொறுத்தால் போதும். தாள் வைத்தபடி இருந்தால் உள்ளே ஒன்றுமில்லை, இரும்பு வலை போட்டு மூடலாம். வெளியே தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஏதோ குடியிருக்கிறது. வீடுகளின் அடியில் தோண்டும் பிராணிகளை வெளியேற்றுவதுதான் ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் பதினேழு வருடமாக என் வேலை. எனக்கு ஜெர்மன் தெரியும் என்றாலும் இந்த வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். மொழிபெயர்ப்பவர் அவசரப்படாமல் வாசிக்கட்டும்.

சேயோன் என் சகலன், என் மனைவி சிவானுஜாவின் தங்கை சஜிதாவைக் கட்டியவர். போன வருடம் நகரத்துக்கு வெளியே, காட்டோரச் சரிவில் வீடு வாங்கினார். பின்பக்கம் கல் பதித்த முற்றம், அதைத் தாங்கி நிற்க ஆளுயரத்துக்கும் மேலான மதில், கீழே பள்ளம். புதுவீட்டுக் குடிபூரலன்று பால் பொங்கியபோது எல்லாரும் பாலைப் பார்த்தார்கள். நான் சிவானுஜாவின் கையைப் பார்த்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த கருங்கல் மேசையை உள்ளங்கையால் தடவிக்கொண்டு நின்றாள். ஐந்தாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் எந்தப் பொருளையும் அவள் அப்படித் தொட்டதில்லை. என்னையும்தான்.

பொறாமை இருந்ததா என்று கேட்டீர்கள். இருந்தது, வயிறு எரிந்தது. ஆனால் அந்தப் பொறாமையில் நான் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டவில்லை. தோண்டியது டாக்ஸ். முகத்தில் கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட, நாயளவு வளைக்கரடி.

ஒக்டோபரில் மதிலடியில் துளையைக் கண்டதும் சேயோன் எனக்குத்தான் போன் எடுத்தார்.

"மதி அண்ணை, வெளியாக்களிட்டை நாள் குறிச்சு டெர்மின் எடுக்க மாசக்கணக்காகும். நீங்கள் இருக்கேக்கை எனக்கென்ன பயம்? ஒருக்கால் வந்து பாருங்கோ."

வேறு வீடென்றால் படம் எடுப்பேன், அளப்பேன், அறிக்கை எழுதிக் கையெழுத்து வைப்பேன். சொந்தத்துக்குள் அப்படிச் செய்வது மரியாதை இல்லை. அவரும் கேட்கவில்லை, நானும் எழுதவில்லை. என் வாய்ச்சொல் அவர்களுக்குப் போதுமாயிருந்தது.

நான் துளையில் அடைத்துவிட்டு வந்த தாள் மூன்றாம் நாள் காலை புல்லில் கிடந்தது. பல் பட்டுக் கிழிந்திருந்தது. சேயோன் வேலைக்குப் போயிருந்தார். அரசாங்க அனுமதி எடுத்து, வெளியே போகும் பிராணி திரும்ப நுழையமுடியாத ஒருவழிக் கதவை வைத்திருந்தால் ஒரு மாதத்தில் எல்லாம் முடிந்திருக்கும். நான் கிழிந்த தாளைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, வண்டியிலிருந்து புதுத் தாள் எடுத்து அடைத்தேன். பிறகு சஜிதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாரும் சஜிதா, வைச்சபடியே கிடக்கு. ஒண்டும் இல்லை. பனிக்காலம் முடியட்டும், மூடிவிடுறன்."

"அப்பாடா. அத்தான், இண்டைக்குத்தான் நாங்கள் நிம்மதியாய் நித்திரை கொள்ளப்போறம்," என்று சொல்லி, வீட்டில் செய்த ரோல்ஸைக் கட்டித் தந்தாள். நல்ல ரோல்ஸ்.

அதன் பிறகு, மூடும்வரை ஒரு கண் வைத்திருக்கிறேன் என்று சொல்லி, புதன்கிழமை தவறாமல் போனேன். தாளை மாற்றினேன். டாக்ஸ் வெளியே தள்ளிய மண்ணை அள்ளிச் சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றினேன். பின்பக்கம் துப்புரவாக இருக்கிறது என்று சேயோன் சந்தோஷப்பட்டார். ஏப்ரல் முடிய எழுபத்திரண்டு சாக்கு. அவ்வளவு மண் வெளியே வந்தால் முற்றத்துக்குக் கீழே என்ன மிஞ்சியிருக்கும் என்பது என் தொழிலில் எவருக்கும் தெரியும். இடிபாட்டுக்குள் கிடைத்த தாள்களில் ஏப்ரல் மாதத் தேதி இருந்ததாகச் சொன்னீர்கள். அவர்களிடம் நான் அது ஒக்டோபரில் வைத்த தாள் என்றுதான் சொல்லிவந்தேன். தேதியை யோசிக்காதது என் கவனக்குறைவு.

மே மாதம் சேயோனின் மகள் ஆதிரைக்குப் பத்தாவது பிறந்தநாள். கேக் வெட்டினால் குடும்பப் படம் எடுக்காமல் எங்கள் ஆட்கள் கலைய மாட்டார்கள். நானே எடுக்கிறேன் என்று கைபேசியை வாங்கிக்கொண்டு வீட்டின் பின்கதவடியில் நின்றேன். அதற்கு முன் சிவானுஜாவிடம், "உள்ளுக்கை போய் எனக்கொரு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாரும்," என்றேன். அவள் மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முற்றத்தில் பன்னிரண்டு பேர் மதில் பக்கம் முதுகைக் காட்டி நின்றார்கள்.

"படத்துக்குள்ளை எல்லாரும் பிடிபடேல்லை. ஒரு அடி பின்னுக்குப் போங்கோ."

போனார்கள். இன்னொரு முறை சொன்னேன். சேயோன் சிரித்தபடி ஆதிரையைத் தூக்கித் தோளில் வைத்தார்.

அப்போது பக்கவாசலால் சிவானுஜா ஓடிவந்தாள். கையில் தேநீர் இல்லை. படத்தில் தானும் நிற்க வேண்டும் என்று கூட்டத்துக்குள் புகுந்து சேயோனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பிறகு நடந்தது உங்கள் அறிக்கையில் இருக்கிறது. முற்றம் அமிழ்ந்தது, மதில் பள்ளத்துக்குள் சரிந்தது. சேயோனும் ஆதிரையும் சிவானுஜாவும் இறந்தார்கள். சஜிதா இன்னும் கண் திறக்கவில்லை.

சிவானுஜா வந்ததை நான் காணவில்லை என்று முதல் நாள் சொன்னேன். அதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. அந்த வீட்டுக்காரி போலச் சிரித்துக்கொண்டு நின்றாள். எங்கள் கலியாணப் படத்தில்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

எல்லாரும் பிடிபட வேண்டும் என்றுதான் மூன்றாம் முறையும் சொன்னேன்.

"இன்னும் ஒரு அடி பின்னுக்கு."