அச்சு அசல் காது

கிறிஸ்துமஸ் அதிரசத்துக்கு நெய் வேண்டும் என்று நான்தான் சொன்னேன். அஸ்தம்பட்டிக் கடைகளில் விற்பது நெய்யே இல்லை என்று சொல்லி, என் கணவர் பிரான்சிஸ் ராசிபுரத்துக்குப் பஸ் ஏறினார். நாக்கு அப்படி. நெய் வாங்கும் போசியை வீட்டிலேயே மறந்துவிட்டு, அங்கிருந்து போன் செய்தார்.

"பிளாஸ்டிக் டப்பால வாங்குனா திட்டுவியா?"

"திட்டுவேன்."

சிரித்தார். அந்தப் போனைத்தான் பைக்கில் வந்த ஒருவன் பறித்தான். இவர் விடவில்லை. இழுபட்டு விழுந்ததில் தலையில் அடி. பிழைக்கவில்லை.

எதிரே இருந்த ஜவுளிக்கடைக் கேமராவில் அவன் பதிவாகியிருந்தான். முகம் மட்டும் மங்கல். அதே நிறத்தில் பைக் வைத்திருந்த சேந்தமங்கலத்துச் சிவக்குமாரைப் பிடித்து வந்தார்கள். போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை செய்கிறவன். எஸ்.ஐ. தீனதயாளன் கேமராப் படத்தை என் ஸ்டுடியோவுக்கே கொண்டுவந்தார்.

"உங்க கை பட்டா செத்தவங்களே கண்ணு முழிக்கறாங்க மெர்லினக்கா. இவன் மூஞ்சியக் கொஞ்சம் தெளிவாக்கிக் குடுங்க."

பொய்யில்லை. மாலை போட்டு மாட்டுகிற படங்கள்தான் என் பிழைப்பு. இறந்தவரின் கண் மூடியிருந்தால் தம்பியின் கண்ணை எடுத்து வைப்பேன். காது தெரியாவிட்டால் மகனுடைய காது. வீட்டார் அழுதுகொண்டே, "அப்படியே அவருதானுங்க" என்பார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை.

சிவக்குமாரின் பாஸ்போர்ட் படமும் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அஸ்தம்பட்டிப் பக்கம் வேலைக்கு வந்திருந்தபோது என்னிடம்தான் எடுத்திருந்தான். தாடையையும் காதையும் அதிலிருந்து எடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கப் போலீஸார் நிபுணருக்கு அனுப்பியதும் அதே பாஸ்போர்ட் படம்தான்.

நீதிமன்றத்துக்கு வந்த முக ஒப்பீட்டு நிபுணர், பாவம், நேர்மையான மனிதர். காது மடிப்புக்கு மடிப்பு ஒத்துப்போகிறது என்றார். ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? ஒரே காது.

எதிர்த்தரப்பு வக்கீல் வியர்க்க வியர்க்க வாதாடினார். இது கைரேகை போல நிரூபணமானதா, எத்தனை முறை தவறும், இதையெல்லாம் சாட்சியமாக ஏற்கலாமா என்று நிபுணரைக் குடைந்தெடுத்தார். கருத்தைக் கேட்பதில் தவறில்லை, எடை போடுவது என் வேலை என்றார் நீதிபதி. படத்தைத் தெளிவாக்கியது யார் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆயுள் தண்டனை.

போன வாரம் அவன் அம்மா ஆத்தாயி வந்து, ஸ்டுடியோ வாசலிலேயே தயங்கி நின்றார்.

"கோவிச்சுக்காதீங்க சாமி. எங்கூட்ல அவன் படம் ஒண்ணுகூட இல்லீங்க. உங்ககிட்ட எடுத்தானே, அதப் பெருசு பண்ணிக் குடுங்க."

திரையில் மகனைப் பார்த்ததும் கொஞ்சம் சிரித்தார்.

"காதப் பாருங்க. எங்கண்ணன் கோவிச்சுக்கிட்டுப் போனதுல, தாய்மாமன் மடி இல்லாம இவனுக்குக் காதே குத்தலைங்க."

தெரியும். பறித்தவன் காதில் கடுக்கன் இருந்தது. படத்தைப் பெரிதாக்கியதும் முதலில் கண்ணில் பட்டது அதுதான். முதலில் அழித்ததும் அதைத்தான். முகமே இல்லாத ஒருவனை எத்தனை காலம் வெறுத்துக்கொண்டிருப்பது?

ஆத்தாயி கேட்ட அளவுக்கே பெரிதாக்கிக் கொடுத்தேன். அந்தப் படத்தில் ஒரு புள்ளியைக்கூட நான் மாற்றவில்லை.